பொன்னி நகரில் ஒரு படி அரிசி

எங்கள் ஊரில் காலைப் பாசஞ்சர் போன பிறகு நாய்கூடக் குரைக்காது சார். குரைத்தால் கேட்க ஆள் வேண்டுமே. தஞ்சாவூருக்கு உத்தியோகம் பார்க்கப் போகிறவர்கள், திருச்சிக்குப் படிக்கப் போகிறவர்கள், கும்பகோணத்துக்குக் கடை வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரையும் ரயில் அள்ளிக்கொண்டு போய்விட்டால், பொன்னி நகரில் மிச்சம் இருப்பது கொடியில் காயும் துணியும் கதவில் தொங்கும் பூட்டும்தான். துணி வியாபாரம் எனக்குத் தெரியாது. பூட்டு தெரியும்.

டீக்கு நன்றி. சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை. நான் சொல்லச் சொல்ல எழுதுகிற அந்தத் தம்பியை அவசரப்படுத்த வேண்டாம். நானாக வந்திருக்கிறேன், ஓடிவிட மாட்டேன்.

ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே என் கடை. உங்களுக்குத் தெரியும், போன மாதம் உங்கள் போலீஸ் குவார்ட்டர்ஸுக்குத் தாழ்ப்பாள் அங்கேதான் வாங்கினீர்கள். என் அப்பா நெல் மண்டி வைத்திருந்தவர். மண்டி படுத்ததும் நான் இரும்புக்கு மாறினேன். இரும்பை எலி தின்னாது, மழையில் நனைந்தால் முளைக்காது. பூட்டு, ஆணி, கயிறு, பைப், கூடவே சாவி வெட்டுகிற மெஷின் ஒன்று.

பொன்னி நகர் வயலாக இருந்த இடம். மனை போட்டு வீடு வந்தது. புருஷன் ஒரு ரயில், பெண்டாட்டி ஒரு ரயில், பிள்ளை ஸ்கூல் வேன். ஒரு சாவி மூன்று திசைக்கு எப்படிப் போகும்? அதனால் ரயிலுக்கு ஓடும்போது என் கடையில் சாவியைக் கொடுத்துவிட்டு ஓடுவார்கள். சுவரில் ஒரு பலகை, அதில் வரிசையாக ஆணிகள், வீட்டுக்கு ஒரு ஆணி. பாத்திரம் தேய்க்கிற ராமாயி வந்து எடுப்பாள், ஸ்கூல் விட்டு வரும் பிள்ளை வந்து எடுக்கும், சிலிண்டர் வந்தால் நானே போய்த் திறந்துவிடுவேன். கூலி வாங்கியதில்லை. சாவியைக் கொடுத்து வைக்கிறவன் பூட்டை வேறு எங்கே போய் வாங்குவான்?

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தச் சாவிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் வெட்டி உள்ளே ஒரு டப்பாவில் வைத்திருந்தேன். முகத்தைச் சுளிக்காதீர்கள். மண்டிக்கு வருகிற ஒவ்வொரு லோடிலும் அப்பா ஒரு கைப்பிடி நெல்லை மாதிரி எடுத்துப் பொட்டலம் கட்டி வைப்பார். பின்னால் தகராறு வந்தால் பிரித்துக் காட்ட. கைக்கு வந்து போகிற சரக்குக்கு மாதிரி எடுத்து வைப்பது எங்கள் ரத்தத்தில் ஊறியது. ரயிலில் சாவியைத் தொலைத்துவிட்டு வந்து நின்றவர்கள் எத்தனை பேர். போய்த் திறந்து கொடுத்திருக்கிறேன். கும்பிட்டிருக்கிறார்கள். எப்படித் திறந்தீர்கள் என்று ஒருவர் கேட்டதில்லை. கேட்காத சரக்கை நான் எதற்குக் கடை பரப்ப வேண்டும்?

தங்கையனைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பிளம்பர், ஐ.டி.ஐ. படித்தவன். அவன் அப்பா ஊரில் சாவு விழுந்தால் பறையடித்தவர், மற்ற நாளில் நடவுக்குப் போனவர். தங்கையன் இரண்டையும் தொடவில்லை, பைப் ரிஞ்சைத் தொட்டான். பொன்னி நகரின் மாடித் தொட்டிகளையெல்லாம் கழுவிக் கொடுத்தது அவன்தான். வேலையில்லாத நேரம் என் கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். நான் வெளியே போனால் கடையைப் பார்த்துக்கொள்வான். கல்லாவில் கை வைத்தவன் இல்லை. அதை எங்கே வேண்டுமானாலும் சொல்ல நான் தயார்.

இப்போது குணசேகரனுக்கு வருகிறேன். தஞ்சாவூரில் ஏதோ ஒரு அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டு, பொன்னி நகர் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர். விடிந்ததும் வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூ அனுப்புகிற ரகம். போன வருஷம் ரயில்வே கேட் பக்கம் ஒரு அம்மாளின் செயினை எவனோ பறித்துக்கொண்டு போனான். அதற்கடுத்து ஸ்டேஷன் வாசலில் நின்ற ஒரு பைக் காணாமல் போனது. அவ்வளவுதான், மனிதர் பிடித்துக்கொண்டார். எந்த மாநிலத்திலோ எடுத்த வீடியோவைப் போட்டு, 'உஷார், நம்ம ஏரியா' என்று எழுதுவார். அந்த வீடியோவில் பின்னால் மலை தெரியும். தஞ்சாவூர் ஜில்லாவில் எந்த மலை சார்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் பாதுகாப்புக் கூட்டம். நானும் போனேன். குணசேகரன் மைக்கைப் பிடித்தார்.

"சாவியக் கடையில கொடுத்துட்டுப் போற பட்டிக்காட்டுப் பழக்கத்த இன்னையோட விடணும். நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லல," என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நம்ம வீட்டுச் சாவி அவருகிட்ட இருக்கு. அவரு வீட்டுச் சாவி நம்மகிட்ட இருக்கா?"

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். பேரத்தில் எதிராளி அவமானப்படுத்தினால் சிரிக்க வேண்டும் என்று சின்ன வயதிலேயே பழக்கிவிட்டார்கள்.

மறுநாள் காலை ஒவ்வொருவராக வந்தார்கள். ஷோபனா என்று ஒரு பெண், பேங்க்கில் வேலை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னை அண்ணே என்று கூப்பிடும்.

"தப்பா நெனைக்காதீங்கண்ணே. சங்கத்துல சொல்லிட்டாங்கன்னு அவருதான்..."

"இதுல நெனைக்க என்னம்மா இருக்கு. உன் வீடு, உன் சாவி."

கையில் வாங்கியதும் அது என்ன செய்தது தெரியுமா? சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. சாவியின் பல் ஒன்றை நான் கடித்துத் தின்றிருப்பேனோ என்பதுபோல. பிறகுதான் பைக்குள் போட்டது.

ரயில் போனதும் பலகையில் வெறும் ஆணிகள். தங்கையன் பார்த்துவிட்டு, "விடுங்க மொதலாளி. இனிமே சிலிண்டர் வந்தா குணசேகரன் சாரு ஆபீஸ்லேர்ந்தே வாட்ஸ்அப்ல கதவத் தொறந்துவிடுவாரு," என்றான். அன்றைக்கு என்னைச் சிரிக்க வைத்தது அவன் ஒருவன். ஆணிகளைப் பிடுங்கிவிடவா என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

கோபம் என்றால் கத்துவது என்று நினைக்கிறவர்கள் உண்டு. என் கோபம் கத்தவில்லை. என்னோடு சாப்பிட்டது, என்னோடு படுத்தது, காலையில் எனக்கு முன்னால் எழுந்து கடை ஷட்டரைத் தூக்கியது. இத்தனை வருஷத்தில் ஒரு வீட்டில் ஒரு ஸ்பூன் குறைந்ததுண்டா? கறிவேப்பிலைக் கொத்து வாங்குவதுபோல இலவசமாக வாங்கிக்கொண்டார்களே என் நாணயத்தை, அதைத் திருப்பித் தரும்போது முகர்ந்து பார்த்தா தருவது?

அவர்கள் சாவியைத்தான் வாங்கிக்கொண்டார்கள். பூட்டை மாற்றவில்லை. படித்தவர்கள்.

"தங்கையா, கொஞ்சம் கடையப் பாத்துக்க. பேங்க்குக்குப் போயிட்டு வந்துடறேன்."

"போய்ட்டு வாங்க மொதலாளி."

குணசேகரன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டேன். காலில் புழுதி. கொல்லைக் குழாயில் கால் கழுவிக்கொண்டுதான் உள்ளே போனேன். அடுத்தவர் வீட்டுக்குள் அழுக்குக் காலோடு போக எனக்கு வராது. பீரோவில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. ஊருக்கே பாதுகாப்பு சொல்கிறவர் பீரோ சாவியை பீரோவிலேயே விட்டுவிட்டு ஆபீஸ் போயிருக்கிறார். நான் தொடவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், தொடவில்லை.

சமையலறையில் அரிசி டிரம். அதற்குள் ஒரு பித்தளைப் படி, பெண் வீட்டுச் சீராக வந்திருக்கும். எங்கள் மண்டியில் தினமும் கடை திறந்ததும் வாசற்படியில் ஒரு நிறைபடி வைப்பார் அப்பா. உள்ளே இருக்கிற சரக்கு எதுவும் குறையவில்லை என்று அதற்கு அர்த்தம். நான் அந்தப் படி நிறைய அரிசி எடுத்து, தலைதட்டி, கூடத்தின் நடுவில் வைத்தேன். கதவைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் எதிர்பார்த்தது இதுதான். குணசேகரன் வருவார். வீடு முழுக்கத் தேடுவார். ஒன்றும் போகவில்லை என்று தெரியும். வந்தவன் நினைத்திருந்தால் எல்லாவற்றையும் அள்ளியிருக்கலாம், அள்ளவில்லை என்று புரியும். வெட்கப்படுவார். நேர்மைக்கு ஒரு மாதிரி காட்டினேன் சார், அவ்வளவுதான்.

வெட்கப்படவில்லை. நிறைபடி என்றால் பக்கத்தில் விளக்கு எரிய வேண்டும், வீட்டில் ஆள் இருக்க வேண்டும். ஆளில்லாத வீட்டில் விளக்கில்லாமல் பச்சரிசி இருந்தால் அதற்கு அவர்களுக்குத் தெரிந்த பெயர் வேறு. சாயங்கால ரயிலில் வந்தவர்கள் வீடு போய்ச் சேர்வதற்குள் குரூப்பில் வந்துவிட்டது: 'செயலாளர் வீட்டில் வாய்க்கரிசி. குடும்பத்தோடு கொல்லப் போவதாக எச்சரிக்கை.'

எனக்கே ஆச்சரியம்தான். ஆனால் மறுநாள் காலை குணசேகரன் என் கடை வாசலில் வந்து நின்றார். முகத்தில் தூக்கம் இல்லை. "நல்ல பூட்டா ஒண்ணு கொடுங்க. நீங்க பழைய ஆளு, நீங்களே பாத்துக் கொடுங்க," என்றார். அந்த 'நீங்களே' என்ற வார்த்தையைக் கேட்க எனக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

அதன்பிறகு இன்னும் சில வீடுகள். எல்லோரும் பூட்டை மாற்றினார்கள். ஊரில் பூட்டுக்கடை ஒன்றுதானே. தரமான சரக்கைத்தான் கொடுத்தேன், அதில் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு பூட்டுக்கும் மூன்று சாவி வரும். இரண்டை அட்டையில் வைத்துக் கொடுத்தேன். வியாபாரத்துக்காகச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். வியாபாரம் நடந்தது, அது வேறு விஷயம். பிள்ளைகள் தனியாகப் படுக்க மறுத்தன. ஒரு டீச்சரம்மா வேலையை விட்டுவிட்டு வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். பயம் வந்த பிறகுதான் மனிதர்களுக்கு மரியாதை வருகிறது. பலகையில் மறுபடி சாவிகள் தொங்க ஆரம்பித்தன. "நீங்க பாத்துக்குங்கண்ணே," என்று கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஷோபனா மட்டும் கொடுக்கவில்லை. கடை வழியாகத்தான் ரயிலுக்குப் போகும், கைப்பையை இடுக்கிக்கொண்டு.

அது ஒரு சனிக்கிழமை. ஷோபனாவின் பேங்க்குக்கு வேலை நாள், அதன் புருஷனுக்கும் வேலை நாள். அரசு அலுவலகங்களுக்கு விடுமுறை என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. தப்புதான். தங்கையன் காலையிலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கடையை அவனிடம் விட்டுவிட்டு வாய்க்கால் கரை வழியாகப் போனேன்.

கதவைத் திறந்தால் கூடத்தில் பாய் போட்டு ஒரு வயசான அம்மாள் படுத்திருந்தார். ஷோபனாவின் மாமியார் பிரகதாம்பாள். முதல் நாள் வேதாரண்யத்திலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறார். ரயிலில் வந்திருந்தால் என் கண்ணில் பட்டிருப்பார். வெளிப்பக்கம் பூட்டிக்கொண்டு போயிருக்கிறது ஷோபனா, அந்த அம்மாளுக்குப் பயமாம். நல்ல தூக்கம். திரும்பியிருக்கலாம். ஆனால் செருப்பைக் கழற்றி, கால் கழுவி, இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது. படியை எங்கே வைப்பது என்று யோசித்தேன். கூடத்தின் நடுவில் அவர் இருந்தார். அதனால் தலைமாட்டில் வைத்தேன். கோபத்தில் செய்ததல்ல. இடம் அங்கேதான் இருந்தது.

நான் வாய்க்கால் கரையைத் தாண்டுவதற்குள் அலறல் கேட்டது. பின்கட்டு வழியாகக் கடைக்குள் வந்து, முகம் துடைத்து, என் நாற்காலியில் உட்கார்ந்தேன். தங்கையன், "என்னமோ சத்தம் கேக்குது மொதலாளி," என்று எழுந்தான். "உனக்கெதுக்கு, உக்காரு," என்றேன். அது அவன் நன்மைக்குச் சொன்னது.

கும்பல் கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டது. எல்லோரும் எனக்குத் தெரிந்த முகம், பாதிப் பேர் லுங்கியில். முன்னால் குணசேகரன்.

"ஏன்டா, வீடு வீடாத் தொட்டி கழுவ வர்றவன் நீதானே? எந்த வீட்டுல எந்த வழின்னு உனக்குத்தானேடா தெரியும்?"

"சார், தெரியும் சார், அதுக்காக..."

"வாய்க்கரிசி எப்புடி வைக்கணும்னு உங்கப்பன் கத்துக் கொடுத்தானா?"

தங்கையனுக்கு முகம் மாறியது. "எங்கப்பாவ ஏன் சார் இழுக்குறீங்க? அவரு மேளம் அடிச்சாரு, யாரு வாயிலயும் அரிசி போடல," என்றான். அந்தப் பதில்தான் அடியை ஆரம்பித்து வைத்தது. குனிந்து நின்றிருந்தால் என்ன ஆகியிருக்குமோ, சொல்ல முடியாது.

அடிக்கு நடுவில் என் பக்கம் திரும்பினான். "மொதலாளி, நான் காலையிலேர்ந்து உங்க கடையிலதானே இருந்தேன். சொல்லுங்க மொதலாளி."

எல்லோரும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். பொன்னி நகர் முழுவதும் என் வார்த்தைக்காக நின்றது. நீங்கள் என் இடத்தில் இருந்து யோசியுங்கள். தங்கையன் காலையிலிருந்து கடையில் இருந்தான் என்று சொன்னால், புத்தியுள்ள ஒருவன் அடுத்து என்ன கேட்பான்? அப்படியானால் கடைக்காரர் எங்கே போயிருந்தார் என்று கேட்பான்.

"நான்தான் காலையிலேர்ந்து கடையில இருக்கேன்," என்றேன். "தங்கையன் இப்பத்தான் வந்தான்."

அவன் என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. என் காலைப் பார்த்தான். கால் ஈரமாக இருந்தது. முகத்தைத் துடைத்தேனே தவிர காலைத் துடைக்கவில்லை. எங்கே போய் வந்தேன் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். "சரிங்க மொதலாளி," என்றான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் யாரையும் கூப்பிடவில்லை.

கயிறு கேட்டார்கள். கடை என்று வைத்திருந்தால் கேட்டதைக் கொடுக்க வேண்டும். தேங்காய் நார்க் கயிறு சதையை அறுக்கும் என்று வழவழப்பான நைலான் கயிறாக எடுத்துக் கொடுத்தேன். அந்த நேரத்திலும் அவன்மேல் அக்கறையாக இருந்தது நான் ஒருவன்தான். ரயில்வே கேட் பக்கத்து விளக்குக் கம்பத்தில் கட்டினார்கள். நான் ஒரு அடிகூட அடிக்கவில்லை. கடையை விட்டு இறங்கவே இல்லை. தஞ்சாவூர் போகிற வழியில் ஆம்புலன்ஸிலேயே போய்விட்டான் என்று மத்தியானம் சொன்னார்கள்.

நீங்கள் வந்தீர்கள். கும்பல் என்று எழுதினீர்கள். கும்பலுக்கு வீட்டு விலாசம் கிடையாது, ஆகவே ஒருவரும் உள்ளே போகவில்லை. வீடு புகுந்தவன் தங்கையன் என்றும் எழுதி முடித்தீர்கள். குறை சொல்லவில்லை, எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

அவன் பெண்டாட்டி செவ்வந்தி காரியம் முடிந்த கையோடு கடைக்கு வந்தாள். அழவில்லை.

"மொதலாளி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அன்னைக்குக் காலையில உங்க கடைக்கிதான் போறேன்னு சொல்லிட்டு வந்தாரு. வந்தாரா, இல்லையா?"

"ஞாபகம் இல்லையேம்மா."

"போனவரு வரப்போறதில்ல. எம்பொண்ணு சுடர்விழிய பள்ளிக்கூடத்துல வாய்க்கரிசிக்காரன் மவளேன்னு கூப்புடுதுவோ. அவ பள்ளிக்கூடம் போவ மாட்டேங்கிறா. அவரு திருடன் இல்லன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். உங்க வார்த்தைய ஊரு நம்பும்."

ஊர் நம்பும் என்பது உண்மைதான். ஞாபகம் வந்தால் சொல்கிறேன் என்று அனுப்பி வைத்தேன். அவன் கடையில் விட்டுவிட்டுப் போன ரிஞ்சை மறக்காமல் எடுத்துக் கொடுத்தேன். அதன்பிறகும் வந்தாள். ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி. நானும் அதே பதில். அவளுக்காக நான் இங்கே வந்திருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

நேற்று நடந்த விழாவுக்காக வந்திருக்கிறேன். பொன்னி நகரில் தெருவுக்குத் தெரு கேமரா மாட்டியிருக்கிறார்கள். அதற்குத் திறப்பு விழா, பெரிய அதிகாரி ஒருவர் வந்தார், நீங்களும் மேடையில் இருந்தீர்கள். 'குற்றமில்லாப் பொன்னி நகர்' என்று பேனர். குணசேகரன் பேசினார். "சங்கம் எடுத்த நடவடிக்கையால, கேமரா வந்த பிறகு நம்ம ஏரியாவுல ஒரு சம்பவம்கூட இல்ல. குற்றம் ஜீரோ." அதிகாரி பொன்னாடை போர்த்தினார். தங்கையனைக் கட்ட என்னிடம் கயிறு வாங்கிய கைகள் தட்டின. நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே எனக்குப் பற்றி எரிந்தது. இன்னும் எரிகிறது. இவ்வளவு நிதானமாகப் பேசுகிறேனே என்று பார்க்காதீர்கள்.

கேமராவா நிறுத்தியது? கேமரா வருவதற்கு முன்னாலேயே நின்றாகிவிட்டதே. அந்தக் கேமராக்கள் மாட்டிய நாளிலிருந்து நான் ஒரு தடவைகூட எவர் வீட்டுக்குள்ளும் போகவில்லை. என் டப்பாவில் இன்றைக்கும் பொன்னி நகர் முழுவதும் இருக்கிறது, செயலாளர் வீடு உட்பட. வேண்டுமானால் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். நினைத்தால் போயிருக்க முடியாதா? நான் நிறுத்தினேன் சார். தங்கையன் இல்லாமல் கடையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது?

ஆகவே தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். வீடுகளுக்குள் போனவன் நான். அரிசி வைத்தவன் நான். அன்று காலை முழுவதும் தங்கையன் என் கடையில்தான் உட்கார்ந்திருந்தான், அது எனக்கு அப்போதும் தெரியும், கயிறு எடுத்துக் கொடுக்கும்போதும் தெரியும்.

செவ்வந்தி உங்கள் ஸ்டேஷன் வாசலில் மனுவோடு உட்கார்ந்திருக்கிறாள். நான் உள்ளே வரும்போது எழுந்து நின்றாள். மரியாதை தெரிந்த பெண். அவளுக்கு வேண்டியதை நீங்களே படித்துச் சொல்லிவிடுங்கள். எனக்கு வேண்டியது ஒன்றுதான். பொன்னி நகரில் குற்றம் குறைந்ததற்குக் காரணம் குணசேகரன் அல்ல, நான் என்று முதல் வரியில் இருக்க வேண்டும். தங்கையன் பெயர் எந்த வரியில் வந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.